கம்பளத்தில் கிடந்த தோட்டா

வீட்டுக்குள் சுட்டு விளையாடுவதற்கென்றே பிறந்தது விளிம்புத் தோட்டா. துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்க அக்காலத்தில் பயன்பட்ட சிறு செப்புக் கேப்பின் வாயில், 1845 இல் ஓர் ஈயக் குண்டைச் செருகிப் பார்த்தார் பாரிஸ் நகரத் துப்பாக்கி வினைஞர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர். தனியாக வெடிமருந்து எதுவும் தேவைப்படவில்லை. கேப்பில் இருந்த துளி மருந்தே குண்டை உந்தித் தள்ளியது. சத்தமும் புகையும் குறைவாக இருந்ததால் வசதி படைத்த ஐரோப்பிய வீடுகளில் கூடத்திலேயே இலக்குப் பலகையை மாட்டிச் சுட்டுப் பழகினார்கள்.

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857 இல் இந்தத் தோட்டாவின் குப்பியை நீட்டி, கருமருந்து சேர்த்து, .22 ஷார்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதன் வாரிசான .22 லாங் ரைபிள் 1887 இல் வந்தது. தமிழ்நாட்டில் என்.சி.சி. மாணவர்கள் ‘பாயிண்ட் டூ டூ’ என்று சொல்லிச் சுட்டுப் பழகிய அதே தோட்டாதான். ஓர் அங்குல நீளம், மூன்று கிராமுக்குச் சற்று மேல் எடை. குப்பியின் அடிவிளிம்பு மடிந்து உள்ளே வளையம் போல ஒரு பள்ளம் இருக்கும். அடிபட்டால் பற்றும் மருந்து அதில்தான் நிரம்பியிருக்கிறது. பெரிய தோட்டாக்களில் அந்த மருந்து அடிப்பாகத்தின் நடுவே தனிக் கேப்பில், சற்று உள்வாங்கி இருக்கும். விளிம்புத் தோட்டாவிலோ சுற்றுவட்டத்தில் எந்த இடம் நசுங்கினாலும் தீப்பொறி கிளம்பலாம். தீபாவளிப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டிய கைக்கு இது புரியும்.

விலை மலிவு, ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி ஆணி விற்கும் கடையிலேயே கிடைத்தது. அமெரிக்கக் கிராமங்களில் முயலையும் அணிலையும் சுடப் போன சிறுவர்கள் மீந்த தோட்டாக்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பையிலிருந்து நழுவியவை நாற்காலி இடுக்கிலும் கட்டிலடியிலும் தடித்த கம்பளத்திலும் தங்கின. தோட்டாவைத் தபாலில் வரவழைப்பதற்கும் சிறுவர்களுக்கு விற்பதற்கும் அங்கே நாடு தழுவிய தடை 1968 இல்தான் வந்தது.

அந்தக் கம்பளத்தின் மேல் வேக்குவம் கிளீனர் ஓடத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். லண்டன் பொறியாளர் ஹியூபர்ட் சிசில் பூத் 1901 இல் உருவாக்கிய இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவிலேயே நின்றது. குழாய் மட்டும் சன்னல் வழியாக உள்ளே போனது. அதை வீட்டுச் சாமானாக மாற்றியவர் ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரக் கடை ஒன்றில் தரை கூட்டிய ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர். கம்பளத் தூசியால் ஆஸ்துமா முற்றவே, ஒரு மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்துக் கட்டினார். 1908 இல் காப்புரிமை கிடைத்தது. தோல்பொருள் வியாபாரி வில்லியம் ஹூவர் அதை வாங்கித் தொழிலாக வளர்த்தார்.

கம்பளத்தில் கிடந்த தோட்டாவை இந்தக் கிளீனர் உறிஞ்சினால் ஆபத்து; அதற்குக் காரணம் அதன் அமைப்பு. நின்ற நிலையில் தள்ளும் பழைய கிளீனர்களில் உறிஞ்சும் விசிறி வாய்க்கு அருகிலேயே இருந்தது. குப்பை முதலில் விசிறியில் பட்டு, அது வீசியெறிந்த பிறகே பைக்குப் போனது. காசு, ஆணி, கொண்டை ஊசி எல்லாம் அந்த வழிதான். 1926 இல் ஹூவர் கம்பளத்தைத் தட்டும் உலோகத் தண்டுகளை உருளையில் பொருத்தியபின் ஆழப் புதைந்தவையும் மேலே வந்தன. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் இதழில் தோட்டாவின் விளிம்பு பட்டால், துப்பாக்கியின் அடிமுள் செய்யும் வேலையை விசிறி செய்துவிடும். எல்லாத் தோட்டாவும் வெடிப்பதில்லை. கடகடவென்ற ஒலியோடு பைக்குள் போய் விழுபவையும் உண்டு.

வெடித்தாலும் அது துப்பாக்கிச் சூடு ஆகாது. குழல் இல்லாததால் வாயு ஒரே திசையில் அழுத்தம் பெறுவதில்லை. கனமான ஈயக்குண்டு மெதுவாக நகர, லேசான பித்தளைக் குப்பிதான் கிழிந்து பறக்கிறது. அமெரிக்க ராணுவ ஆயுதத் துறையின் ஜூலியன் ஹேட்சர், தோட்டாக்களைச் சூடாக்கி வெடிக்கவைத்த சோதனைகளை 1947 இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருக்கிறார். அவற்றிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. ஆனாலும் பித்தளைச் சில்லுக்குக் கண்ணைப் பறிக்கும் வலு உண்டு. குனிந்து தள்ளுபவரின் முகமும், பக்கத்தில் தவழும் குழந்தையும் எட்டும் தூரத்தில்தானே இருக்கின்றன.

ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 1921 இல் கொண்டுவந்த உருளை வடிவக் கிளீனரில் பை முன்னால், விசிறி பின்னால். தூசியில்லாத காற்று மட்டுமே விசிறியைத் தொட்டது. மோட்டாரைக் காக்க நல்ல இந்த அமைப்பு, தோட்டாவுக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு தடுப்பாகவும் அமைந்தது.

பை இருந்தும் தீராத ஆபத்து வேறொன்று. சுட்ட குப்பியை வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. மேசையிலிருந்து சிந்துவது புகையற்ற வெடிமருந்துத் தூளும், சின்னஞ்சிறு கேப்புகளும். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும். பிளாஸ்டிக் குழாயில் உரசும் தூள் மின்னூட்டம் ஏற்றும். பற்றிக்கொள்ளப் பையில் பஞ்சும் தூசியும் தயாராக இருக்கும். அந்நாட்டுத் தோட்டா உற்பத்தியாளர் சங்கத்தின் கையேடு இதனால்தான் சிந்திய மருந்துக்கு வேக்குவம் கிளீனர் கூடாது, பிரஷ்ஷாலும் முறத்தாலும் அள்ள வேண்டும் என்கிறது.

உள்ளரங்கச் சுடுகளத்தில் முறமும் போதாது. எரியாமல் சிதறிய மருந்தோடு ஈயத்தூளும் அங்கே தரையில் படியும். உலர்வாகப் பெருக்கினால் அது மூச்சில் ஏறும், சாதாரண கிளீனரோ வடிகட்டியைத் தாண்டி அதை அறைக்குள்ளேயே ஊதிவிடும். அங்கே பொறி வெளியேறாத மோட்டாரும் நுண்வடிகட்டியும் கொண்ட தனி இயந்திரம் வேண்டும்; அல்லது தரையை ஈரமாக்கித் துடைத்தெடுக்க வேண்டும்.