நேர்த்திக்கடன் தீர்ந்த பின்

இறைவனிடமிருந்து பெற்றதற்கு ஈடாக நம் மக்கள் செலுத்துவதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர். பிணி தீர்ந்தால், பிள்ளை பிறந்தால், கடலில் திசை தப்பிய படகு கரை சேர்ந்தால் அதைச் செலுத்துகிறார்கள். சமய வேறுபாடின்றி இம்மண்ணில் வழங்கும் சொல் அது. பழந்தமிழில் 'கடன்' என்பது பெரும்பாலும் கடமையையே குறித்தது. வட்டியும் தவணையும் பத்திரமும் பெருகிய காலத்தில் அச்சொல் சுருங்கிவிட்டது. இன்று கடன் என்றால் அடைக்க வேண்டியது. அடைத்துவிட்டால் கொடுத்தவர் முகத்தை மீண்டும் பார்க்க வேண்டியதில்லை. நம் நேர்த்திக்கடன்களும் இந்தப் பொருளிலேயே செலுத்தப்படுகின்றனவோ என்ற ஐயம், திருவிழா முடிந்த மறுவாரம் காலியாகக் கிடக்கும் கோவில் இருக்கைகளைக் காணும் எந்தப் பங்குத் தந்தைக்கும் எழும்.

இராமநாதபுரம் கடற்கரையில் நேர்த்திக்கடன் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களுள் ஒன்று ஏர்வாடி. (திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி உண்டு. இங்கே குறிப்பிடுவது கீழக்கரைக்கு மேற்கே உள்ளதை.) மதீனாவிலிருந்து வந்து இம்மண்ணில் போரில் உயிர் நீத்தவராக இஸ்லாமியர் போற்றும் சுல்தான் சையது இப்ராஹிமின் அடக்கத்தலம் அங்கே உள்ளது. ஆண்டுதோறும் சந்தனக்கூடு விழாவுக்குத் திரளும் கூட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருப்பார்கள். பிள்ளைப்பேறு வேண்டிய சேதுபதி மன்னர் ஒருவர், வேண்டுதல் நிறைவேறியபின் அத்தலத்திற்கு நிலங்களை வழங்கினார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அதே சேதுபதிகளின் ஆட்சிப் பரப்பில், ஏர்வாடிக்கு வெகு வடக்கே, பாம்பாற்றங்கரையை ஒட்டிய ஓரியூர் நம்மவர் நேர்த்திக்கடன் செலுத்தும் இடம். மொட்டை அடித்தும், ஆடு வெட்டி ஏழைகளோடு பகிர்ந்து உண்டும், தென்னங்கன்று சுமந்து வந்தும் மக்கள் அங்கே நன்றி செலுத்துகிறார்கள். வருகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதோரும் ஏராளம். திரும்பும்போது ஒரு பிடி செம்மண்ணை முடிந்து எடுத்துச் செல்வார்கள். புனித அருளானந்தரின் குருதி சிந்திய மண் அது. ஆனால் அவருடைய வாழ்வே ஒரு நேர்த்திக்கடனில் தொடங்கியது என்பதை அறிந்தோர் சிலரே.

ஜான் தெ பிரிட்டோ 1647 மார்ச் 1-ஆம் நாள் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ, பிரேசிலில் ரியோ தெ ஜெனிரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். அப்போது ஜான் சிறு குழந்தை. கைம்பெண்ணான தாய் பெயாத்ரிஸ் பெரெய்ராவே பிள்ளைகளை வளர்த்தார். போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவின் தோழனாகச் சிறுவன் சேர்க்கப்பட்டான். அங்கே அவனுக்குக் கடும் நோய் கண்டது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த நிலையில், தாய் புனித சவேரியாரை நோக்கி நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக் காலம் அவனுக்கு இயேசு சபையினரின் அங்கியை அணிவிப்பதாக.

சவேரியாரை நோக்கி அவர் வேண்டியதை இக்கடற்கரையார் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். 1542 முதல் முத்துக்குளித்துறை மக்களிடையே மணலில் நடந்து திரிந்தவர் அவர். அவர் ஜப்பானுக்குப் புறப்பட்ட 1549-ஆம் ஆண்டிலேயே, மண்டபத்தை அடுத்த வேதாளையில் அவருடைய தோழர் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். இராமேஸ்வரம் செல்லும் பயணிகளிடம் போர்த்துக்கீசியர் வரி பறித்ததே அந்தத் தாக்குதலுக்கு வித்திட்டது. கிரிமினாலியோ தாம் படகேறித் தப்பாமல், கிறிஸ்தவப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட நின்றதால் ஈட்டிகளுக்கு இரையானார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவரே. இப்படி நம் கரையோடு பிணைந்த ஒரு புனிதரிடம்தான் லிஸ்பன் தாய் தம் மகனின் உயிரைக் கேட்டார்.

மகன் பிழைத்தான். தாய் வாக்குத் தவறவில்லை. பட்டும் பொன்னும் மின்னிய அரண்மனையில் சின்னஞ்சிறு கறுப்பு அங்கியோடு ஒரு சிறுவன் ஓராண்டு நடமாடினான். அரண்மனையார் அவனைக் 'குட்டி அப்போஸ்தலர்' என்று விளையாட்டாக அழைத்தனர். ஆண்டு முடிந்தது, அங்கி கழற்றப்பட்டது, கடன் தீர்ந்தது. தாயின் கணக்கு அத்தோடு நேராயிற்று என்றே எவரும் சொல்லியிருப்பர்.

மகனின் கணக்கு வேறாக இருந்தது. 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்து அதே அங்கியை மீண்டும் அணிந்தார். இம்முறை கழற்றுவதற்கு நாள் குறிக்கப்படவில்லை. 1673-இல் குருவாகி இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானபோது தாய் கலங்கினார். திருத்தந்தையின் தூதர் வரை சென்று பயணத்தைத் தடுக்க முயன்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இதற்காக அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. மகனின் உயிருக்காக நன்றி சொன்னவர் அந்த மகனைத் தம் அருகிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். கொடையைப் பெற்றவுடன் அது நம் உடைமையாகிவிடுகிறது. கொடுத்தவர் அதைத் தம் விருப்பப்படி பயன்படுத்த முனைந்தால், அவர் நம்மிடமிருந்து பறிப்பதாகத் தோன்றுகிறது.

இயேசு சபையாரின் அன்றாட வாழ்வில் ஒரு பழக்கம் உண்டு. சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மச் சோதனை ஐந்து படிகளைக் கொண்டது. அதன் முதற்படி பாவங்களை எண்ணுவதன்று, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது. அதன்பின் தன்னை அறியும் அருளை வேண்டுவது, பின்னரே அந்நாளின் குறைகளைத் தேடுவது. இந்த வரிசை தற்செயலானதன்று. நன்றியின்றித் தன் பாவத்தைப் பார்ப்பவன் சோர்ந்துபோவான், அல்லது சாக்குப் போக்குத் தேடுவான். மாலைச் செபம் என்றாலே விண்ணப்பப் பட்டியல் என்று ஆகிவிட்ட நம் இல்லங்களில் இந்த வரிசையை மீட்டாலே பெரும் பயன் விளையும். அருளானந்தர் பதினைந்து வயதிலிருந்து இப்பழக்கத்தில் ஊறியவர்.

1674 முதல் மதுரை மிஷனில் அவர் வாழ்ந்த வாழ்வு எளிதன்று. கறுப்பு அங்கி போய்க் காவியுடை வந்தது. புலாலை நீக்கி, மரக்கறி உணவோடு பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-இல் மறவர் நாட்டில் உபதேசியார்களோடு பிடிபட்டு வதைக்கப்பட்டார். கிழவன் சேதுபதி என அறியப்படும் இரகுநாத சேதுபதி அப்போது அவரை விடுவித்து, தம் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாதென்று ஆணையிட்டார். பின்னர் மிஷன் அலுவலாக அவர் போர்த்துக்கல் அனுப்பப்பட்டபோது, பழைய தோழர் பெத்ரோ அரியணையில் இருந்தார். தம் மகனுக்கு ஆசானாக இருக்குமாறு அரசர் வேண்டினார். அருளானந்தர் மறுத்து 1690-இல் திரும்பினார். மறவர் நாட்டையே மீண்டும் தேர்ந்தார்.

இங்கே இன்னொரு நன்றியின் கதை குறுக்கிடுகிறது. அரச குலத்தைச் சேர்ந்த தடியத் தேவர் தீரா நோயில் கிடந்தபோது, அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் அவர்மீது நற்செய்தி வாசித்துச் செபித்தார். தேவர் நலமடைந்தார். ஒரு கொடைப் பொருளை அனுப்பி முடித்திருக்கலாம். அவரோ திருமுழுக்குக் கேட்டார். பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்த சமாரியரை லூக்கா நமக்குக் காட்டுகிறார். மற்ற ஒன்பது பேரும் கட்டளைப்படியே குருக்களிடம் சென்றவர்கள்தாம், அவர்களிடம் சட்டப் பிழை எதுவும் இல்லை. அவர்கள் பெற்றது உடல்நலம். திரும்பி வந்தவர் பெற்றது அதைத் தந்தவரை. தடியத் தேவரும் திரும்பி வந்தவர்.

ஆனால் அந்த நன்றிக்கு விலை இருந்தது. ஒரு மனைவியோடு மட்டுமே வாழவேண்டும் என்று அருளானந்தர் தெளிவாகச் சொன்னார். தேவர் இசைந்தார். 1693 சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் இளையவரான கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவர் அரண்மனையில் முறையிட்டார். நம் மேடை நாடகங்களில் அவரை வஞ்சகியாகக் காட்டுவது வழக்கம். ஒரே நாளில் இல்லத்தை இழந்த பெண்ணின் துயரமும் அந்த முறையீட்டில் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இரண்டே நாளில் அருளானந்தர் கைது செய்யப்பட்டார். இராமநாதபுரத்தில் அடைக்கப்பட்டு, சனவரி இறுதியில் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார்.

பிப்ரவரி 3-ஆம் நாள் அங்கிருந்து அவர் மிஷன் தலைவர் பிரான்சிஸ் லெய்னஸ் அடிகளாருக்கு மடல் எழுதினார். தாளும் மையும் கொண்டு எழுதும் வசதி இல்லை. கரியை நீரில் குழைத்து, வைக்கோல் துரும்பால் எழுதினார் என்பர். குற்றமெனத் தம்மீது சாட்டப்பட்டது இறைவனின் நெறியைப் போதித்தது ஒன்றே என்றும், அதற்காகத் துன்புறுவது தமக்குப் பெருமையே என்றும் அதில் எழுதினார். மகிழ்ச்சியோடு சாவை எதிர்நோக்கினார். புலம்பல் இல்லை, பகைவர்மீது சாபமும் இல்லை. மறுநாள், சாம்பல் புதனன்று, அவர் தலை வெட்டப்பட்டது.

சாவுக்கு முந்தின இரவில் நன்றி கூறுவதை நாம் நாள்தோறும் பீடத்தில் காண்கிறோம். காட்டிக்கொடுக்கப்படவிருந்த இரவில் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் அமைந்த பெயரே நன்றி என்பதுதான். உயிர்ப்பு முடிந்தபின் கூறிய நன்றியன்று அது. சிலுவை இன்னும் முன்னே இருந்தது.

இங்கே ஒரு தவறான போதனையைக் குறித்து எச்சரிக்கை தேவை. எது நேர்ந்தாலும் 'நன்றி ஆண்டவரே' என்று சொல்லிவிட வேண்டும் என்று சில தியானக் கூட்டங்களில் அழுத்திச் சொல்கிறார்கள். ஏர்வாடியை எண்ணிப் பார்ப்போம். மனநலம் குன்றிய தம் பிள்ளைகளைக் குணம் தேடி அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் பல. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, அங்கிருந்த ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அந்தத் தாய்மாரிடம் போய் இதற்காக நன்றி கூறுங்கள் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? சொல்லவும் கூடாது. தெசலோனிக்கருக்குப் பவுலடியார் எழுதியது எல்லாச் சூழலிலும் நன்றி கூறும்படியே. தீமையை நன்மை என்று பெயர் மாற்றும்படியன்று. எபேசியருக்கு எழுதிய மடலில் எல்லாவற்றிற்காகவும் என்று வருகிறதே என்று கேட்போர் உண்டு. தந்தையாம் கடவுளுக்கு, கிறிஸ்துவின் பெயரால் என்று அதே அடி தொடர்கிறது. கிறிஸ்துவின் பெயரால் எவரும் கொலைக்கும் அலட்சியத்திற்கும் நன்றி கூற இயலாது. சங்கிலிகளுக்குச் செய்ய வேண்டியது அறுப்பதுதான்.

சூழலின் நடுவே நன்றி கூறுவதோ ஒரே நாளில் வந்துவிடாது. நம் முன்னோர் அதைச் சிறு வழக்கங்களாக்கி வீட்டில் வைத்தார்கள். குருவைக் கண்டால் வணக்கத்துக்கு மாற்றாகச் 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்றார்கள். காண்பவர் புகழைக் கேளாமல், இருவருமே இறைவனை நினைக்கும்படி அமைந்த அருமையான வாழ்த்து அது. இன்று முதியோர் வாயில் மட்டும் கேட்கிறது. சோற்றுக்கு முன்னும் பின்னும் சிலுவை அடையாளம், கட்டுமரத்தைத் தள்ளுமுன் ஒரு செபம், பிடித்த மீனில் கோவிலுக்கென ஒதுக்கிய பங்கு, ஆண்டின் கடைசி இரவில் நன்றி வழிபாடு. மீன் படாத நாளிலும் கட்டுமரத்தை இழுத்துவிட்டு அதே சிலுவை அடையாளம்தான். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவுப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபின் இரண்டே நாளில் கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. கடலோரச் சிற்றூர்களில் அன்றும் திருப்பலி நடந்திருக்கும். நன்றிமன்றாட்டை எந்தத் தொண்டைகள் எப்படிச் சொல்லியிருக்கும் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம். பழகியிராத நாவுக்கு அந்த நாளில் அது வந்திராது.

அருளானந்தரின் சாவுச் செய்தி கடல் கடந்து லிஸ்பன் சேர்ந்தபோது, அரசர் பெத்ரோ இறைவனுக்குப் பெருவிழாவாக நன்றி வழிபாடு நடத்த ஆணையிட்டார். பெயாத்ரிஸ் அம்மையார் அப்போது உயிரோடிருந்தார். ஒருகாலத்தில் பிள்ளைக்கு ஓராண்டு அங்கி அணிவித்தவர், பின்னொருகால் அவனைக் கப்பலேறவிடாமல் தடுக்க முயன்றவர். அன்று அவர் துக்க உடையில் வரவில்லை. விழாக்கால உடை உடுத்திக் கோவிலுக்கு வந்தார்.