பயனில்லாத கோபுரங்கள்

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது குண்டடம். மழை குறைந்த மேட்டுக்காடு. அங்கே பனியன் தொழிலில் நான்கு காசு பார்த்த என் நண்பர் ஒருவர், தம் தோட்டத்தின் நடுவில் எட்டுத் தூண் வைத்து ஒரு மண்டபம் எழுப்பியிருந்தார். உள்ளே சாமியும் இல்லை, சாமானும் இல்லை. அவருடைய தாயார் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதுல மாட்டைக் கட்டறதா, சோளத்தட்டுப் போடறதா?" என்று கேட்டார். நண்பர் வாய் திறக்கவில்லை.

இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபுக்களைப் பார்த்தும் இப்படித்தான் ஊரார் கேட்டார்கள். பூந்தோட்டங்களில் புதிதாகவே இடிந்த கோட்டைகளைக் கட்டினார்கள் அந்தப் பிரபுக்கள்! குடியிருக்க ஆகாத கோபுரங்களையும், பூசையில்லாத கோயில்களையும் எழுப்பினார்கள். அவற்றுக்கு ஊரார் வைத்த பெயருக்கு நம் மொழியில் 'அசட்டுத்தனம்' என்று பொருள். ஸ்டவர்ஹெட் என்னுமிடத்தில் ஹென்றி ஹோர் என்ற வங்கிக்காரர் 1772-இல் முடித்த மூன்று பக்கக் கோபுரம் ஏறக்குறைய 160 அடி உயரம். பழைய ஆல்பிரட் மன்னரின் நினைவுக்காகவும், ஏழாண்டுப் போர் முடிந்த மகிழ்ச்சிக்காகவும் எழுந்தது அது. ஜெயித்த நாட்டின் செல்வர், ஜெயித்ததைக் கொண்டாடினார். அதில் வியப்பில்லை.

ஆனால், தோற்றவன் கட்டிய கோபுரம் ஒன்று நம் தஞ்சைக் கடற்கரையில் நிற்கிறதே, அதை என்னவென்று சொல்வது?

பேராவூரணிப் பக்கம், மல்லிப்பட்டினத்துக்கு அருகே இருக்கும் மனோராவைத்தான் சொல்கிறேன். அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுமார் 75 அடி உயரம், சுற்றிலும் மதிலும் அகழியும். கட்டியவர் இரண்டாம் சரபோஜி. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் சொல்வதுண்டு. அங்குள்ள கல்வெட்டோ 1814-இல் நேர்ந்த போனபார்ட்டின் வீழ்ச்சியைச் சொல்கிறது. அதாவது, வாட்டர்லூவுக்கு முந்தைய ஆண்டில் அவர் முடி துறந்த செய்தி. தம்மை ஆங்கிலேயரின் நண்பர், துணைவர் என்று மன்னர் அதில் பொறித்துக்கொண்டிருக்கிறார்.

நெப்போலியனுக்கும் தஞ்சைக்கும் என்ன பகை? ஒன்றுமில்லை. 1798-இல் சரபோஜியை அரியணையில் அமர்த்தியது கம்பெனி. மறு ஆண்டே ஓர் உடன்படிக்கை. நாட்டின் ஆட்சி கம்பெனிக்கு. கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு. முடி இருந்தது; நாடு இல்லை.

அவரைக் கையாலாகாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. சரசுவதி மகாலில் சுவடிகளைச் சேர்த்தார். தேவநாகரி எழுத்தில் அச்சுக்கூடம் வைத்தார். மருத்துவ ஆராய்ச்சி நடத்தினார். இத்தனை அறிவுடையவருக்குத் தம் நிலை தெரியாமலா இருந்திருக்கும்? அவருடைய பொருநர்கள் வாழ்த்தவும், அவருடைய வாளால் வெல்லவும் ஒரு போர்க்களம் இல்லை. ஆகவே அடுத்தவருடைய வெற்றிக்குத் தூண் நாட்டினார். முகஸ்துதி என்று நீங்கள் சொல்லலாம். எனக்கோ, 'நானும் ஒரு மன்னன்தான்' என்று கடலைப் பார்த்துச் சொல்லும் குரலாகவே அது கேட்கிறது. அந்தக் குரலுக்குப் பதில் வரவில்லை. 1855-இல் அவர் மகன் சிவாஜி மறைந்ததும் கம்பெனி அந்த அரசுப் பட்டத்தையே முடித்துவிட்டது.

2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மனோரா சேதமடைந்தது, பிறகு செப்பனிட்டார்கள். நாடு போய்விட்டது, கம்பெனியும் போய்விட்டது. கோபுரம் மட்டும் நிற்கிறது.

குண்டடத்து நண்பர், தாயார் உள்ளே போன பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "அப்பா கடனுக்கு விட்ட காடுங்க இது. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பி வாங்கினேன். அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க."

மறுமுறை நான் போனபோது மண்டபத்தில் மாடும் இல்லை, சோளத்தட்டும் இல்லை. அந்த அம்மாள் ஒரு தூணில் சாய்ந்து, காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.