இட்ட பெயரும் இழந்த பெயரும்: ஆங்கிலச் சிறுவர் இல்லங்கள் பற்றிய நினைவுச் சான்று

திருச்சபை வரலாற்று நூல்களில் அனாதைச் சிறுவர் இல்லங்களைப் பற்றிய பகுதிகள் பெரும்பாலும் அவற்றை நிறுவியோரின் வாழ்க்கை வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. பிரிஸ்டல் நகரில் 1836இல் முதல் இல்லத்தைத் திறந்த ஜார்ஜ் முல்லர், 1869இல் இலண்டனில் பணி தொடங்கிய மெதடிஸ்த போதகர் தாமஸ் போமன் ஸ்டீபன்சன், 1870இல் ஸ்டெப்னியில் ஆண்பிள்ளைகளுக்கு இல்லம் கண்ட தாமஸ் பர்னார்டோ, 1881இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் இப்பணியைத் தோற்றுவித்த ஞாயிறுபள்ளி ஆசிரியர் எட்வர்ட் ருடால்ஃப் ஆகியோர் நமக்கு அறிமுகமானவர்களே. ஆனால், அவ்வில்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் எதை நினைவிற்கொண்டனர் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்பியுள்ளோம். கொடுத்தவரின் சாட்சியைக் கேட்டு, பெற்றுக்கொண்டவரின் சாட்சியைக் கேளாது விடும் வரலாறு பாதி வரலாறேயாகும். ஆகவே இக்கட்டுரையில், இவ்வில்லங்கள் அனைத்திலும் பழமையான ஒன்றின் இறுதி ஆண்டுகளை அப்பிள்ளைகளின் பக்கமிருந்து நோக்குவோம்.

பவுண்ட்லிங் ஆஸ்பிடல்

கப்பல் தலைவராயிருந்த தாமஸ் கோரம் என்பவரின் நெடுநாள் முயற்சியால் 1739இல் அரச சாசனம் பெற்று இலண்டனில் எழுந்தது பவுண்ட்லிங் ஆஸ்பிடல். இங்கு ‘ஆஸ்பிடல்’ என்னும் சொல் நோயாளருக்கான இடத்தைக் குறிப்பதன்று. புகலிடம் என்னும் பழம்பொருளில் அது வழங்கிற்று. ஓவியர் ஹோகார்த்தும் இசைமேதை ஹாண்டலும் இதன் புரவலர்களாயிருந்தனர். 1926இல் இலண்டன் நிலம் விற்கப்பட்டது. பிள்ளைகள் முதலில் ரெட்ஹில்லுக்கும், 1935இல் பெர்க்காம்ஸ்டெட்டில் கட்டப்பட்ட புதிய கட்டடத்திற்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

பிற்காலத்தில் இங்குச் சேர்க்கப்பட்டோர் பெரும்பாலும் மணமாகாத தாய்மாரின் குழந்தைகளே. சேர்க்கப்பட்ட குழந்தைக்குத் திருமுழுக்கில் புதிய பெயர் சூட்டப்பட்டது. தாய் இட்ட பெயர் பதிவேட்டிற்குள் மறைந்தது. தாயின் அவமானத்தை மறைத்து, அவள் மீண்டும் வாழ்வு தொடங்க வழிசெய்வதே இதன் நோக்கம். பின்னர்க் குழந்தை கெண்ட், எசெக்ஸ், சரே போன்ற பகுதிகளிலுள்ள கிராமக் குடும்பங்களில் வளர்ப்புத் தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வயதானதும் அங்கிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பெரிய இல்லத்திற்குத் திரும்பியது.

பெர்க்காம்ஸ்டெட்டில் வளர்ந்த பலருடைய நினைவுகள் அவர்கள் முதுமையடைந்தபின் பதிவுசெய்யப்பட்டுள்ளன. அவற்றுள் மீண்டும் மீண்டும் வருவது அந்த ஐந்தாம் வயதின் பிரிவேயாகும். தன்னை வளர்த்தவளே பெற்ற தாய் என்று எண்ணியிருந்த பிள்ளைக்கு, அப்பிரிவு அனாதையாவதையே ஒத்தது. அவள் சொல்லாமலே போய்விட்டாள், வீட்டிலிருந்து அணிந்து வந்த ஆடை களையப்பட்டது, தலைமயிர் வெட்டப்பட்டது, பழுப்புநிறச் சீருடை தரப்பட்டது. நீண்ட படுக்கைக்கூடம், வரிசையாக நடத்தல், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனியே வளர்தல் ஆகியவற்றையும் அவர்கள் கூறுவர்.

இந்நினைவுகள் முற்றிலும் இருள் நிறைந்தவை என்று கூறுவது நேர்மையாகாது. சிற்றாலயத்து இசையையும், பாடகர் குழுவையும், வாத்தியக் குழுவில் பெற்ற பயிற்சியையும் நன்றியோடு நினைவுகூர்ந்தோர் உண்டு. ஆண்பிள்ளைகளுள் பலர் இராணுவ வாத்தியக் குழுக்களிற் சேர்ந்தனர். உடன்வளர்ந்தோரின் நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்ததும் உண்டு. உணவும் உடையும் கல்வியும் அங்குக் கிடைத்தன. கிடையாதது, ‘நீ எனக்கு உரியவன்’ என்று சொல்லும் ஒரு முகமே.

சட்டம் கண்ட குறை

1944 ஜூலையில் ஹர்ட்வுட் சீமாட்டி மார்ஜரி ஆலன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதிய கடிதம், இல்லங்களில் வாழும் பிள்ளைகளின் நிலையை நாட்டின் கவனத்திற்குக் கொணர்ந்தது. 1945 ஜனவரியில், ஷ்ராப்ஷயரிலுள்ள ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக வைக்கப்பட்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் டென்னிஸ் ஓ’நீல் கொடுமையால் இறந்தான். குடும்பத்தில் வைப்பது மட்டும் போதாது, மேற்பார்வையும் வேண்டும் என்பதை அம்மரணம் உணர்த்திற்று. அதே ஆண்டில் மைரா கர்ட்டிஸ் அம்மையார் தலைமையில் அமைந்த குழு 1946இல் அறிக்கை அளித்தது. ஏறத்தாழ 1,25,000 பிள்ளைகள் அதன் ஆய்வுக்குட்பட்டனர். பல இடங்களில் அது கண்ட பெருங்குறை, பிள்ளையைத் தனி ஆளாகக் கருதும் அன்பு இல்லாமையே. அவ்வறிக்கையிலிருந்து பிறந்த 1948ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் குணநல வளர்ச்சியையும் பேணுவதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கிற்று. 1951இல் உலக நல நிறுவனத்திற்காக ஜான் பவுல்பி எழுதிய நூல், தாயன்பின் இழப்பு பிள்ளையின் மனநலத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை எடுத்துரைத்தது. 1954இல் பெர்க்காம்ஸ்டெட் விடுதி முடிவுற்றது. அதுவரை ஏறத்தாழ 25,000 பிள்ளைகள் அந்நிறுவனத்தின் பாதுகாப்பில் வளர்ந்திருந்தனர்.

கோப்பும் நினைவும்

இல்லங்கள் மூடப்பட்டதோடு இவ்வரலாறு முடியவில்லை. தான் யார் என்று அறிய விரும்பிய பிள்ளைக்கு எஞ்சியிருந்தது ஒரு கோப்பு; அதன் திறவுகோல் பிறர் கையில். லிவர்பூலில் குழந்தைப் பருவம் முதல் பொதுப் பராமரிப்பில் வளர்ந்த கிரஹாம் காஸ்கின் தம் கோப்பைக் காண வழக்காடினார். 1989இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருடைய தனிவாழ்வுக்குரிய உரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுள் சிலருக்கு, உயிரோடிருந்த பெற்றோர் இறந்துவிட்டதாகவே கூறப்பட்டிருந்தது. அவ்வனுப்பீட்டில் திருச்சபைச் சங்கங்களுக்கும் பங்குண்டு. அதற்காகப் பிரித்தானிய அரசு மன்னிப்புக் கோரியது 2010இல்தான்.

முதுமையில் கூறப்படும் நினைவு நம்பத்தக்கதோ என்று சிலர் வினவக்கூடும். நாளும் ஆண்டும் நினைவில் பிறழலாம் என்பது உண்மையே. அவற்றிற்குப் பதிவேடு வேண்டும். ஆனால், ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே காயத்தைச் சுட்டும்போது, வரலாற்றாசிரியன் அதனைப் புறக்கணிக்க இயலாது. பதிவேடு எழுதியவருக்குப் பிள்ளையின் எடையும் நடத்தையும் தெரிந்தன. அதன் இரவுகள் தெரியவில்லை.

இறையியல் மாணவராகிய நாம் இங்கு எண்ண வேண்டியது ஒன்றுண்டு. கடவுள் நம்மைப் பெயர்சொல்லி அழைக்கிறார் என்று நாம் அறிக்கையிடும் திருமுழுக்கே, ஒரு பிள்ளையின் முதற்பெயரை மறைக்கும் கருவியாகவும் பயன்பட்டது. அதனைச் செய்தவர்கள் கொடியவரல்லர், இரக்கத்தினாலேயே செய்தனர். எனினும், காப்பாற்றப்படும் பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு வரலாறு உண்டு என்பதை அவ்வுதவி மறந்தது. திருச்சபையின் அறப்பணி எவ்விடத்தில் நடப்பினும், உணவளித்த கணக்கோடு, அப்பிள்ளைகளின் பெயரையும் பிறப்பின் உண்மையையும் அவர்களுக்காகக் காத்துவைத்தோமா என்ற கணக்கும் நம்மிடம் கேட்கப்படும்.