ஆள் பஞ்சமா, அடைத்த கதவா?

ஒரு தொழிலுக்குத் திறமையாளர் கிடைக்கவில்லை என்னும் குரல் எழும்போதெல்லாம், அவர்களைத் தேடிய முறை எத்தகையது என்று வினவுதல் வரலாறு கற்போர் கடமையாகும். கணிப்பொறித் தொழில் தொடங்கிய காலத்துப் பிரிட்டன் இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது, பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் மறைமொழியை ஆராய்ந்த கொலோசஸ் பொறிகளை இயக்கியோர் பெரும்பாலும் இளம்பெண்களே. போர் முடிந்த பின்னரும் அரசு அலுவலகங்களில் அப்பணி பெண்களிடமே இருந்தது. அது எழுத்தர் வேலையினும் உயர்ந்ததன்று எனக் கருதப்பட்டதே காரணம். கணிப்பொறியே நிருவாகத்தின் உயிர்நாடி என்பது புலனானதும் நிலைமை மாறிற்று. 1959-இல் அரசுக் கணிப்பொறி நிலையம் ஒன்றில், பெண் நிரலர் ஒருவர் முன்னனுபவமற்ற இருவருக்கு ஓராண்டு பயிற்சி அளித்தார். ஆண்டிறுதியில் அவ்விருவரும் மேலாளராயினர். பயிற்றுவித்தவரோ அவர்களுக்குக் கீழே உதவியாளராக்கப்பட்டார்.

1960-களில் நிரல் எழுத ஆளில்லை என்னும் முறையீடு ஓங்கியது. அதே வேளையில், மகப்பேற்றின் பொருட்டு வேலையை விட்ட நிரலர் பலர் வீடுகளில் இருந்தனர். அவர்தம் ஆற்றலை உணர்ந்தவர் ஸ்டெபனி ஷெர்லி. 1939-இல், 5 வயதுச் சிறுமியாக, நாஜிக் கொடுமைக்குத் தப்பிப் பிரிட்டனுக்கு அகதியாக வந்தவர் அவர். 1962-இல் 6 பவுண்டு முதலுடன் 'ஃபிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். தம் பெயரில் விடுத்த கடிதங்களுக்கு மறுமொழி வாராமை கண்டு, 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டார், வாயில்கள் திறந்தன. திறமை மாறவில்லை; பெயர் ஒன்றே மாறியது.

அந்நிறுவனத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே, பென்சிலும் தாளும் கொண்டு நிரல் எழுதி அஞ்சலில் அனுப்பினர். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்குரிய நிரலும் இவ்வாறே உருவாயிற்று. முதல் 300 பணியாளருள் 297 பேர் பெண்கள். 1975-ஆம் ஆண்டின் பால்வேற்றுமைத் தடைச் சட்டத்திற்குப் பின்னர், பெண்களுக்கு மட்டும் முன்னுரிமை தருதல் இயலாதாயிற்று, ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

2025-இல் மறைந்த ஷெர்லியின் வாழ்வு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. அன்று நாட்டில் குறைந்திருந்தது திறமை மட்டுமன்று. அதனைக் காணும் நோக்கும் குறைந்திருந்தது. ஆள் இல்லை என்று அறிவிப்போர், தாம் அடைத்து வைத்த கதவுகளை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.