இணைப்புகளில் நேரும் பிழை: இந்திய ஏவுகலத் திட்டங்களில் குழுப்பணி வளர்ந்த வரலாறு

கோதையாறு அருவியாக இறங்கும் திற்பரப்பை அடுத்து இருப்பது குலசேகரம். அங்கே 1943இல் பிறந்த ஜி. மாதவன் நாயர் 2003 முதல் 2009 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தார். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் மேல சரக்கல்விளையில் பிறந்த கி. சிவன் 2018இலும், மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் 2025இலும் அதே பொறுப்புக்கு வந்தார்கள். திரவ எரிபொருள் இயந்திரத்துக்கு வழிகோலிய நம்பி நாராயணனும் நாகர்கோவில்காரர். இப்பட்டியலை வைத்து மண்ணின் பெருமை பேசுவது எளிது. ஆனால் 1956 வரை இவ்வூர்கள் அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது; தும்பா ஏவுதளம் பேருந்துத் தொலைவில் 1963இல் அமைந்தது; திரவ இயந்திரங்களை எரித்துச் சோதிக்கும் மகேந்திரகிரி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருக்கிறது. பெருமையில் பெரும்பகுதி புவியியலுக்குச் சேரும். நான்கு பேரின் பெயரைச் சொல்வதால், பல ஆயிரம் பேர் ஒரே பொருளைச் செய்து முடிக்க எப்படிப் பழகினார்கள் என்பது விளங்கிவிடாது. இக்கட்டுரையின் வாதம் இது: இந்திய ஏவுகலங்களின் பெரிய தோல்விகள் பலவும் தனித்தனிக் குழுக்களின் திறமைக் குறைவால் வந்தவை அல்ல, ஒரு குழுவின் வேலை முடிந்து இன்னொன்றின் வேலை தொடங்கும் இணைப்பில் வந்தவை. அந்த இணைப்பைக் காவல் காக்கும் முறையைப் படிப்படியாக உருவாக்கியதே இங்கு நடந்த தலைமைப்பணி.

எஸ்.எல்.வி-3 முதன்முறை 1979 ஆகஸ்ட் 10 அன்று பறந்து வங்கக்கடலில் விழுந்தது. தோல்விக்குத் தலைவர் சதீஷ் தவன் தாமே முன்வந்து பத்திரிகையாளருக்குப் பதில் சொன்னதும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச் சொன்னதும் மேலாண்மை வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அந்தக் கதையில் அதிகம் கவனிக்கப்படாத பாதி ஒன்று உண்டு. 1979இல் ஏவுதலுக்கு முந்தைய நிமிடங்களில் கணினி பணியை நிறுத்தியது. வல்லுநர்கள் கவலை வேண்டாம் என்றார்கள். கணினியை மீறி ஏவ முடிவெடுத்தேன் என்று கலாமே பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு இருந்தது. எச்சரிக்கை வந்தது, கேட்கவும்பட்டது. ஆனால் அது வந்தால் யார் நிறுத்த வேண்டும் என்ற விதி அவசரத்துக்கு வளைந்துவிட்டது. தவனின் பெருந்தன்மை, அந்தத் தவறை மறைக்காமல் பேசும் துணிவைக் குழுவுக்குக் கொடுத்தது. தவறைத் தடுக்கும் முறையை அது மட்டும் கொடுத்துவிடாது.

அந்த முறைக்கு விலை அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கொடுக்கப்பட்டது. 1987 மார்ச்சில் பறந்த முதல் ஏ.எஸ்.எல்.வி.யில் பக்கவாட்டு உந்திகள் சரியாக எரிந்து முடிந்தன. அதன்பின் எரிய வேண்டிய மையக் கட்டம் பற்றவேயில்லை. 1988 ஜூலையில் இரண்டாவதும் அதே கைமாற்ற நேரத்தில் கட்டுப்பாடு இழந்து சிதைந்தது. அதன்பின் மையக் கட்டத்தைக் கடிகாரத்தை வைத்துப் பற்றவைப்பதை விட்டு, பக்க உந்திகளின் விசை உண்மையில் எப்போது குறைகிறதோ அப்போது பற்றவைக்கும்படி மாற்றினார்கள். பொறியியல் திருத்தமாகத் தோன்றும் இது, குழுப்பணிக்கும் ஒரு பாடம்: அடுத்தவர் வேலை அட்டவணைப்படி முடிந்திருக்கும் என்று நம்பாமல், முடிந்ததா என்று பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்குவது. 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பி.எஸ்.எல்.வி. விழுந்ததும் இதே வகை. ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் நன்றாக எரிந்தது. நம்பி நாராயணன் குழு பிரான்சில் உழைத்துக் கற்று வந்த விகாஸ் இயந்திரமும் குறை வைக்கவில்லை. இரண்டாம் கட்டம் மூன்றாம் கட்டத்தை விட்டுப் பிரியும் நொடியில் பின்னிழுக்கும் சிறு ராக்கெட்டுகள் சில வேலை செய்யவில்லை, இரண்டும் உரசின, அந்த ஆட்டத்தைச் சமாளிக்க வேண்டிய மென்பொருளில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. வன்பொருள் குழுவுக்கு மென்பொருளின் எல்லை தெரியாது. மென்பொருள் குழு இத்தனை பெரிய ஆட்டத்தை எதிர்பார்க்கவில்லை. அப்போது மாதவன் நாயர் திட்ட இயக்குநர். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், 1994 அக்டோபர் 15 அன்று, அதே குழு வெற்றி பெற்றது. தோற்றவர்களைக் கலைத்திருந்தால், பிழை எங்கே என்று அறிந்த ஒரே கூட்டத்தையும் சேர்த்தே இழந்திருப்பார்கள்.

இணைப்புப் பிழை அதோடு ஒழிந்துவிடவில்லை. 2006இல், மாதவன் நாயர் தலைவராக இருந்தபோது, ஜி.எஸ்.எல்.வி-எஃப்02 விழக் காரணம், தயாரிப்பில் நேர்ந்து சோதனையிலும் தப்பிய ஒரு சீராக்கியின் குறை. பட்டறைக்கும் பரிசோதனைக்கும் இடையிலான ஓட்டை. 2010 டிசம்பரில் விழுந்த ஜி.எஸ்.எல்.வி.யிலோ கட்டளைகளைக் கொண்டுசெல்லும் இணைப்பான்களே கழன்றன. ஆனால் 2013 ஆகஸ்ட் 19 அன்று நடந்ததை 1979க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.எல்.வி-டி5 புறப்பட 74 நிமிடங்கள் இருக்கையில் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. உள்நாட்டுக் கிரையோஜெனிக் இயந்திரம் 2010 ஏப்ரலில் ஒருமுறை தோற்றுவிட்ட நிலையில், நாடே பார்த்திருக்க, ஏவுதலை நிறுத்தினார்கள். அந்தக் கட்டத்தையே மாற்றி 2014 ஜனவரி 5 அன்று ஏவி வென்றார்கள். இடைப்பட்ட 34 ஆண்டுகளில் மாறியது தனிமனிதர்களின் அறிவு மட்டும் அன்று. நிறுத்து என்று சொல்பவருக்குக் கிடைத்த இடமும்தான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. அரசு வேலை, போட்டி இல்லாத துறை, தோற்றாலும் சம்பளம் வரும் நிலை. தனியார் அலுவலகத்தில் இது நடக்குமா என்பது முதலாவது. வேலைப் பாதுகாப்பு உதவியது என்பதை ஒப்புக்கொள்ளலாம். வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர் கசிவைச் சொல்ல மாட்டார். ஆனால் அது மட்டுமே போதாது. நாசாவுக்குப் பணமும் பாதுகாப்பும் குறைவாக இருந்ததில்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடிப்பதற்கு முந்தைய இரவு, உந்திகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரில் ரப்பர் வளையம் இறுகும் என்று எச்சரித்தார்கள். அவர்களின் மேலதிகாரிகளே அதைத் தள்ளினார்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் எழுதிய ஆய்வும், தவறைத் தண்டனை அச்சமின்றிச் சொல்ல முடிகிற குழுவே கற்றுக்கொள்கிறது என்ற முடிவுக்குத்தான் வந்தது. மதுரையில் மென்பொருள் எழுதும் எட்டுப் பேர் குழுவுக்கும் இது பொருந்தும். அதற்கு அரசு ஆணை தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: இத்தனை ஆய்வும் குறுக்குச் சோதனையும் வேகத்தைக் கொன்றுவிடும் என்பது. கிரையோஜெனிக் திட்டம் 1994இல் தொடங்கி 2014இல்தான் கனிந்தது. அந்தத் தாமதத்தில் ரஷ்யத் தொழில்நுட்பம் மறுக்கப்பட்டதற்கும் பங்கு உண்டு. 1994 நவம்பரில் பொய்யான உளவு வழக்கில் நம்பி நாராயணன் கைதானதற்கும் பங்கு உண்டு. 1998இல் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்து, 2018இல் 50 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. வெளியிலிருந்து வரும் அடியை எந்த ஆய்வுக் கூட்டமும் தடுக்காது. இவற்றைக் கழித்த பின்னும் மெதுவான வேகம் இருக்கத்தான் செய்கிறது. அது இம்முறையின் உண்மையான விலை. இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

இம்முறை உயிரோடு இருப்பதற்கு வெளிப்படைத்தன்மை வேண்டும். 2021இல் ஜி.எஸ்.எல்.வி-எஃப்10 தோற்றதற்கு ஹைட்ரஜன் தொட்டியின் வால்வுக் கசிவே காரணம் என்பதை இஸ்ரோ அடுத்த ஆண்டே பொதுவில் சொன்னது. 2022இல் முதல் எஸ்.எஸ்.எல்.வி. தோற்ற காரணத்தையும் சொன்னது. 2025 மே 18 அன்று மூன்றாம் கட்டத்தில் தோற்ற பி.எஸ்.எல்.வி-சி61இன் விசாரணை அறிக்கையும் அதேபோல் மக்கள் பார்வைக்கு முழுமையாக வைக்கப்பட வேண்டும்.