பெரிய மருது எவ்வளவு பெரியவர்?

என் பெரியப்பா அப்பாவின் தோள் உயரத்துக்குத்தான் வருவார். அவரிடமிருந்து போன் வந்தபோது பக்கத்தில் இருந்த வெளிநாட்டு நண்பர் யாரென்று கேட்டார். ‘பெரிய’ன்னா பிக், ‘அப்பா’ன்னா ஃபாதர் என்று பிரித்துச் சொல்லி மாட்டிக்கொண்டேன். அவர் பெரியப்பாவைப் பயில்வான் என்றே நம்பினார்.

ஆங்கிலத்தில் பெரிதைச் சொல்ல ஒரு படையே இருக்கிறது. லார்ஜ், ‘தாராளம்’ என்ற பொருளில் கிளம்பி மெல்ல அளவுக்கு வந்து சேர்ந்த சொல். இனார்மஸின் லத்தீன் வேருக்கு ‘விதியை மீறியது’ என்று பொருள், இம்மென்ஸ் ‘அளக்கப்படாதது’. கிரேட் மட்டும் நம் ‘பெரிய’ மாதிரி மதிப்பையும் தொடும். ஆனால் நம்ம ஆள் போகிற தூரம் அதுவும் போகாது. பெரியம்மை, பெரிய மனுஷி ஆவது, சாவு விழுந்த வீட்டில் பெரிய காரியம். (சின்ன வீடு சதுர அடிக் கணக்கு இல்லை என்று உங்களுக்கே தெரியும்.)

சிவகங்கைப் பக்கம் வளர்ந்த எனக்கு இந்தக் குழப்பம் மருது சகோதரர்களிடமே தொடங்கிவிட்டது. பெரிய மருதுதான் எல்லாம், சின்ன மருது கூட நின்ற தம்பி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1830இல் கம்பெனி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைப் படித்தபோது படம் தலைகீழானது. அண்ணனை அவர் வெள்ளை மருது என்றே எழுதுகிறார். அசாதாரண உயரமும் பலமும் கொண்டவர், ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைப்பாராம், பொழுதெல்லாம் வேட்டை, நிர்வாகத்தில் தலையிடுவதில்லை. சீமையை நடத்தியது சிறுவயலில் காவலாள்கூட இல்லாத வீட்டில் இருந்த தம்பி. வெல்ஷுக்கு வேல் வீசவும் வளரி எறியவும் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். 1801 ஜூனில் வெள்ளையரை எதிர்த்து வந்த திருச்சி அறிக்கையும் தம்பியுடையது என்றே சொல்லப்படுகிறது.

அப்போ சிம்மாசனத்தில்? அங்கேயும் ஒரு ‘பெரிய’ இருந்தார்: வேங்கன் பெரிய உடையத் தேவர். பட்டம் ஒருவருக்கு, மூப்பு இன்னொருவருக்கு, அதிகாரம் ‘சின்ன’வரிடம். ஒரே சொல்லுக்குள் மூன்று மாறிகளைத் திணித்த நிரலை என்னிடம் ரிவியூவுக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் அன்றைய சிவகங்கையில் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். ‘பெரிய’ என்பது முறையைச் சொல்லும் சொல், அளவை அல்ல. அண்ணனின் உடம்பும் பெரிதாக இருந்தது தற்செயல்.

வளரி கற்ற அதே வெல்ஷ், 1801இல் கம்பெனிப் படையோடு திரும்பி வந்தார். தொடை எலும்பு முறிந்த நிலையில், காட்டு விலங்கைப் போல் வேட்டையாடப்பட்டுத் தம்பி பிடிபட்டதை அவர் வருத்தத்தோடுதான் எழுதுகிறார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். பட்டத்துப் பெரியவரை 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தான். அவன் அப்போது சின்னப் பையன்.