கண்டி வீதியும் தங்க இடம் கிடைத்தவர்களும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 116 கிலோமீட்டர். பணி ஓய்வுக்குப் பிறகு சைக்கிளில் விடுமுறை கழிக்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. (ஈழத்து நண்பர்கள் ‘துவிச்சக்கர வண்டி’ என்று அழகாகச் சொல்வார்கள்.) இத்தூரத்தை இரண்டு நாட்களில் கடந்தேன்.

இந்த வீதி ஆங்கிலேயரின் போர்த் தேவையால் பிறந்தது. 1815-இல் கண்டி அரசு வீழ்ந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழியினன். வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தான். 1815 மார்ச் 2-ஆம் தேதி ஒப்பந்தத்தில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டனர் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. 1817–18 கிளர்ச்சி அடக்கப்பட்டபின், மலைநாட்டுக்குப் படையும் பீரங்கியும் விரைந்து செல்ல வழி வேண்டியிருந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் 1820-இல் வீதி வேலையைத் தொடங்கினார். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பேரில் கிராமத்து மக்கள் மண் சுமந்தனர். பொறியாளர் கேப்டன் டாசன் 1829-இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவர் நினைவுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. மண் சுமந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் எதையும் நான் வழியில் காணவில்லை.

கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். பாறையைக் குடைந்த பழைய வாயில் இப்போது பிரதான வீதிக்கு ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. அதன் நிழலில் மூச்சு வாங்கிக்கொண்டேன்.

வீதி வந்தபின் வாடிவீடுகள் வந்தன. அம்பேபுஸ்ஸ வாடிவீடு அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1832-இல் கொழும்பு–கண்டி தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் குதிரையை மாற்றி, உணவருந்தி, கட்டிலில் உறங்கிப் பயணம் தொடர ஏற்பாடுகள் இருந்தன. 1867-இல் ரயில் கண்டியை எட்டியதும் உல்லாசப் பயணிகளும் பெருகினர்.

கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே, ஏரிக்கரையில் குயீன்ஸ் ஹோட்டலில் தங்கினேன். துல்லேவ அதிகாரியின் வளவு இருந்த இடம் அது என்பர். உயரமான கூரை, மரப்பலகைத் தளம், நடந்தால் முனகும் ஒலி. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில், 1890 நவம்பரில் ரயிலேறிக் கண்டிக்கு வந்திருக்கிறார். 1911-இல் வந்த ஹெர்மன் ஹெஸ்ஸே வயிற்று நோயால் இவ்வூர் விடுதியில் முடங்கினார். இவர்கள் வந்து தங்கிய கதையை உலகம் எழுதி வைத்திருக்கிறது.

கண்டிக்கு மற்றொரு பக்கத்திலிருந்தும் மக்கள் வந்தார்கள். மறுநாள் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, அக்குறணை வழியாக மாத்தளைக்குச் சென்றது அந்த வழியைக் காணத்தான். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து தமிழர்கள் தோணியில் மன்னார்க் கரை இறங்கினர். அங்கிருந்து காடு வழியே, தம்புள்ளை தாண்டி, கங்காணியின் பின்னால் நாட்கணக்கில் கால்நடையாக வந்தனர். தண்ணீரில்லை, நிழலில்லை. காலராவும் காய்ச்சலும் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. விழுந்தவரை வழியிலேயே விட்டுச் சென்ற கொடுமையும் நடந்தது. செகாவ் ஏறி வந்த ரயில், அவர்கள் பறித்த கோப்பியைத் துறைமுகம் சேர்க்கவே முதன்மையாகப் போடப்பட்டது.

1869-இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. நடந்து வந்தவர்களின் சந்ததியினருக்குக் கிடைத்த தங்குமிடம் லயம்: ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாடிவீட்டு விருந்தினர் எவரிடமும் இத்தனை தலைமுறைக் கணக்கை யாரும் கேட்டதில்லை என்று எனக்குத் தோன்றியது.

மாத்தளையில் வண்டியை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தினேன். மன்னார் வழியே நடந்து வந்தவர்கள் உயிரோடு சேர்ந்ததற்கு நன்றி சொல்லி வணங்கிய அம்மன் என்று இங்குள்ள முதியவர்கள் சொல்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் இக்கோயிலும் தாக்கப்பட்டது. பின்னர் மீண்டும் கட்டியெழுப்பினர். மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் இதே வீதியில் ஓடுகின்றன. நான் சென்ற வேளையில் தோட்டத்துப் பெண்கள் சிலர், சுவரோர நிழலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.